படைவீரரின் விடுப்பும் நம் முறையும்

1943 ஜூலை 12 அன்று நியூசிலாந்தின் தலைநகர் வெலிங்டனில் ‘நியூ ஆம்ஸ்டர்டாம்’ என்ற கப்பல் வந்து நின்றது. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் வசதியான பயணிகளுக்காகக் கட்டப்பட்ட டச்சுக் கப்பல் அது. போர்க்காலத்தில் துருப்புக் கப்பலாக மாறியிருந்தது. எகிப்திலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம் கடலில் வந்த அந்தக் கப்பலில் சுமார் 6,000 நியூசிலாந்து வீரர்கள் இருந்தார்கள். மூன்று மாத விடுப்பில் வீடு திரும்பியவர்கள்.

அவர்கள் 1940இல் புறப்பட்டுப் போன முதல் மூன்று அணிகளைச் சேர்ந்தவர்கள். முதல் அணி அந்த ஆண்டு ஜனவரியிலேயே கப்பலேறிவிட்டது. அதன்பின் 1941 ஏப்ரலில் கிரீஸ், மே மாதத்தில் கிரீட் தீவு, நவம்பரில் லிபியப் பாலைவனம், 1942 இறுதியில் எல் அலமைன், 1943 மே மாதத்தில் துனிசியா என்று ஒரு போர்க்களத்திலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டே இருந்தார்கள். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனவரின் பிள்ளைக்கு இப்போது மூன்று வயது. அப்பா என்பவர் அதற்குப் படத்தில் பார்த்த ஆள்.

விடுப்பு முடிந்தது. புறப்பாடு தள்ளிப்போய், 1944 ஜனவரியில் திரும்பக் கப்பலேற வேண்டும். வந்தவர்களில் பெரும்பாலோர் ஏறவில்லை. வயதையும் குடும்பத்தையும் கருதி அரசே பலருக்கு விலக்கு அளித்திருந்தது. மருத்துவச் சோதனையில் தேறாதவர்களும் இருந்தார்கள். அவர்கள் போக, நூற்றுக்கணக்கானோர் வெளிப்படையாகவே மறுத்தார்கள். படையை விட்டு ஓடியதாகக் குற்றம் சுமத்தி ராணுவ நீதிமன்றம் தண்டித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஆனாலும் அரசு அவர்களைப் படையிலிருந்து நீக்கியது. படைவீரருக்குரிய சலுகைகள் சிலவற்றையும் அவர்கள் இழந்தார்கள்.

இவர்களைக் கோழைகள் என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. கிரீட்டிலும் எல் அலமைனிலும் நின்றவர்கள். நாட்டின் மேல் வெறுப்புக் கொண்டவர்களும் அல்லர். பெரும்பாலோர் தாமாக முன்வந்து பெயர் கொடுத்தவர்கள். அவர்கள் வைத்த கோரிக்கை எளிமையானது. உடல் தகுதியுள்ள எல்லோரும் ஒருமுறை போய்வரட்டும், அதற்குப் பிறகு எங்களை இரண்டாம் முறை கூப்பிடுங்கள் என்பதே அது.

இந்தக் கோரிக்கையின் நியாயத்தைப் பற்றித்தான் இங்கே பேச விரும்புகிறோம். நீண்ட காலம் கடல் கடந்து போரிடும் வீரருக்கு ஊர் விடுப்பு என்பது அரசு மனமிரங்கிக் கொடுக்கும் சலுகை என்றே நாம் நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அது வீட்டில் இருப்பவர்கள் களத்தில் இருப்பவர்களுக்குத் தரவேண்டிய கடன். ஒருவர் ஊருக்கு வரவேண்டுமானால் அவர் நின்ற இடத்தில் இன்னொருவர் நிற்கவேண்டும். அந்த இன்னொருவர் யார் என்ற கேள்விக்குச் சமூகம் முழுவதும் சேர்ந்து விடை சொல்லாதவரை, எந்த விடுப்புத் திட்டமும் பாதியில்தான் நிற்கும்.

முறை தவறிய இடம்

நியூசிலாந்தின் அன்றைய மக்கள்தொகை சுமார் 16 லட்சம். இன்றைய நம் மாவட்டம் ஒன்றின் அளவுதான். அந்தச் சின்ன நாடு மத்தியதரைக்கடல் பகுதியில் ஒரு டிவிஷனையும் பசிபிக் தீவுகளில் இன்னொரு டிவிஷனையும் வைத்திருந்தது. விமானப் படைக்கும் கடற்படைக்கும் ஆள் அனுப்பியது. பிரிட்டனுக்கு வெண்ணெயும் இறைச்சியும் போகவேண்டும். 1942 ஜூன் முதல் வந்திறங்கிய அமெரிக்கப் படைகளுக்கும் உணவு கொடுக்கவேண்டும். பண்ணையில் ஆள் வேண்டும், சுரங்கத்தில் ஆள் வேண்டும், இறைச்சித் தொழிற்சாலையில் ஆள் வேண்டும். ஆகவே உடல் தகுதி இருந்தும், இன்றியமையாத தொழில் என்ற காரணத்தால் ஏறத்தாழ 35,000 ஆண்கள் ஊரிலேயே நிறுத்தப்பட்டிருந்தார்கள்.

அந்த 35,000 பேரும் ஒளிந்துகொண்டவர்கள் அல்லர் என்பதை முதலில் சொல்லிவிடவேண்டும். நிலக்கரி வெட்டியவரும் பால் கறந்தவரும் போருக்காகத்தான் உழைத்தார்கள். அவர்களில் படைக்குப் போகத் துடித்தவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் விடுப்பில் வந்த வீரரின் கண்ணுக்கு என்ன தெரிந்தது? சனிக்கிழமை குதிரைப் பந்தய மைதானத்தில் தன் வயதுள்ள, தன்னைவிடத் திடமான ஆட்களின் கூட்டம். தான் வாங்கும் படைச் சம்பளத்தைவிடக் கூடுதலான கூலி. மாலையில் அவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள், குழந்தைகளோடு சாப்பிடுகிறார்கள். மூன்றரை ஆண்டுகளில் ஒருமுறை வந்த தனக்கு மட்டும் நாள் குறித்தாகிவிட்டது. யாருக்கு விலக்கு, ஏன் விலக்கு, எத்தனை நாளுக்கு விலக்கு என்பதைப் பொதுவில் எடுத்துச் சொல்ல ஆளில்லாதபோது, விலக்குப் பெற்ற ஒவ்வொருவரும் குற்றவாளியாகத் தெரிந்தார்கள்.

நம் ஊர் ஏரிப் பாசனத்தில் இதற்கு ஒரு பாடம் இருக்கிறது. மழை பொய்த்த ஆண்டில் முறைவைத்துத் தண்ணீர் விடுவார்கள். இன்ன வயலுக்கு இத்தனை நாழிகை என்று ஊர் கூடி முடிவு செய்யும். நீர்பாய்ச்சி அதன்படி மடை திறப்பார். தண்ணீர் குறைவு என்பதற்காக யாரும் சண்டைக்கு வருவதில்லை. முறை தவறினால்தான் மண்வெட்டியோடு வருவார்கள். நியூசிலாந்து வீரர்கள் பட்ட துன்பத்துக்கும் ஓர் அளவு உண்டு, அதை அவர்கள் தாங்கினார்கள். முறை இல்லை என்று தெரிந்த நாளில்தான் நின்றுவிட்டார்கள்.

அப்போது பிரதமராக இருந்தவர் பீட்டர் ஃபிரேசர். முதல் உலகப் போரின்போது கட்டாயப் படைச்சேர்ப்பை எதிர்த்துப் பேசியதற்காக ஓராண்டு சிறையில் இருந்தவர். சாதாரண மனிதனின் உயிரைக் கேட்பதற்கு முன்னால் பணக்காரனின் செல்வத்தைக் கேளுங்கள் என்ற தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்தவர். சுமையைச் சமமாகப் பகிரவேண்டும் என்ற கொள்கை அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனாலும் அவர் இக்கட்டில் இருந்தார். ஆஸ்திரேலியா தன் 9ஆவது டிவிஷனை 1943 தொடக்கத்தில் ஊருக்கு அழைத்துக்கொண்டது. நியூசிலாந்து டிவிஷனை மத்தியதரைக்கடலிலேயே விட்டுவைக்கும்படி சர்ச்சில் கேட்டுக்கொண்டார். 1943 மே மாதம் நாடாளுமன்றம் அதற்கு இணங்கியது. டிவிஷன் அங்கேயே இருக்கட்டும், நெடுநாள் சேவை செய்தவர்கள் மட்டும் விடுப்பில் வரட்டும் என்பது அந்த முடிவோடு ஒட்டி வந்த ஏற்பாடு.

ஏற்பாட்டின் நோக்கம் நல்லது. குறை எங்கே என்றால், வரும் 6,000 பேருக்குப் பதிலாக யார் போவார்கள் என்ற கணக்கை முடிக்காமலே கப்பலை அனுப்பியதில்தான். விடுப்பைக் கொடுத்த கையோடு மாற்று ஏற்பாட்டையும் செய்திருந்தால், திரும்பிப் போகவேண்டியவர்கள் மனம் கசந்திருக்காது. இரண்டாவது தவறு இதைவிடப் பெரியது. வீரர்கள் மறுத்த செய்தியைப் பத்திரிகைகளில் வரவிடாமல் தணிக்கை செய்தார்கள். ஊர் முழுக்க வாய்வழியாகப் பரவிய ஒரு செய்தியை எழுத்தில் தடுத்ததால் என்ன லாபம்? யார் போவது, யார் இருப்பது என்று குடிமக்கள் கூடிப் பேசவேண்டிய நேரத்தில் பேச்சே இல்லாமல் போனது. 1944இன் பிற்பகுதியில், நெடுநாள் சேவை செய்தவர்களைப் புதியவர்களைக் கொண்டு மாற்றும் திட்டத்துக்கு அரசு வந்து சேர்ந்தது. மறுத்தவர்கள் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். முதலிலேயே செய்திருந்தால், கிரீட்டில் போரிட்டவர்களை விசாரணைக் கூண்டில் ஏற்றவேண்டிய நிலை வந்திருக்காது.

கசினோவில் நம்மவர்கள்

வெலிங்டனில் இந்தச் சிக்கல் உச்சத்தில் இருந்த அதே மாதங்களில், 1944 பிப்ரவரியிலும் மார்ச்சிலும், இத்தாலியின் மான்டே கசினோ மலையடியில் கடும் போர் நடந்துகொண்டிருந்தது. நியூசிலாந்துத் தளபதி ஃபிரெய்பெர்க்கின் கீழ் அங்கே நின்றவற்றில் இரண்டு டிவிஷன்களைக் குறிப்பிடவேண்டும். ஒன்று நியூசிலாந்தின் 2ஆவது டிவிஷன். மற்றொன்று இந்தியாவின் 4ஆவது டிவிஷன்.

அந்த இந்திய டிவிஷனில் மெட்ராஸ் சாப்பர்ஸ் இருந்தார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட, ராணுவத்தில் இன்றும் ‘தம்பிகள்’ என்று அழைக்கப்படும் பொறியாளர் படை. பாதை போடுவதும் பாலம் கட்டுவதும் கண்ணிவெடி அகற்றுவதும் அவர்கள் வேலை. 4ஆவது டிவிஷன் 1939லேயே எகிப்துக்குப் போய்ச் சேர்ந்தது. எரித்திரியாவின் கெரன் மலை, லிபியா, துனிசியா, இத்தாலி என்று அவர்களும் நியூசிலாந்துக்காரர்களைப் போலவே அலைந்தார்கள். அவர்களுக்கு ஊர் விடுப்பு என்பது கப்பலில் இடமிருந்தால், மேலதிகாரி விட்டால், கிடைத்தால் உண்டு என்ற நிலைதான்.

ஒரு வித்தியாசத்தைக் கவனிக்கவேண்டும். நியூசிலாந்து வீரருக்கு ஓட்டு இருந்தது. அவர் விடுப்பில் இருந்தபோதே, 1943 செப்டம்பரில், பொதுத் தேர்தல் நடந்தது. அவருடைய குறையைத் தணிக்கை மறைத்தாலும் நாடாளுமன்ற உறுப்பினரின் காதில் போட வழி இருந்தது. இந்திய வீரருக்கு அப்படி ஒரு வழி இல்லை. இரண்டாம் உலகப் போரில் இந்திய ராணுவம் சுமார் 25 லட்சம் பேர் கொண்டதாக வளர்ந்தது. அத்தனை பேரும் கட்டாயம் இல்லாமல் சேர்ந்தவர்கள். ஆனால் போரில் இறங்குவதா வேண்டாமா என்று அவர்கள் நாட்டை யாரும் கேட்கவில்லை. எப்போது ஊருக்கு அனுப்புவார்கள் என்று கேட்கவும் அவர்களுக்கு மன்றம் இல்லை.

கடிதம் ஒன்றுதான் வழி. அதையும் தணிக்கை அதிகாரிகள் படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்ததும் அங்கிருந்து நமக்கு வந்துகொண்டிருந்த அரிசி நின்றுபோனது. விலை ஏறியது. 1943இல் வங்கத்தில் லட்சக்கணக்கானோர் பட்டினியால் இறந்தார்கள். கடல் கடந்து நின்ற வீரர்களின் கடிதங்களில் போர்க்களத்தைவிட வீட்டு அரிசிப் பானையைப் பற்றிய கவலையே மேலோங்கியதை அந்தத் தணிக்கைக் குறிப்புகளே பதிவு செய்தன. அனுப்பிய மணியார்டர் வந்து சேர்ந்ததா, தம்பிக்கு ரேஷன் கிடைக்கிறதா, பங்காளி வரப்பை நகர்த்தினானா என்ற கேள்விகளோடு ஒரு மனிதர் கண்ணிவெடியைத் தோண்டிக்கொண்டிருந்தால் அவர் கை எப்படி நிதானப்படும்?

முதல் உலகப் போரிலும் இதே கதைதான். 1914இல் பிரான்சுக்குப் போன இந்தியக் காலாட்படையினர் பனியிலும் சேற்றிலும் ஓராண்டுக்கு மேல் நின்றார்கள். பக்கத்துக் கடற்கால்வாயைக் கடந்தால் பிரிட்டிஷ் வீரருக்கு வீடு. இந்திய வீரருக்குக் காயம் பட்டால் பிரைட்டன் மருத்துவமனை, ஆறினால் மீண்டும் பதுங்குகுழி. அடிபட்ட பின்பும் ஊருக்கு விடவில்லையே என்ற மனக்குறையை அவர்களுடைய கடிதங்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

போர்க்களம் தாங்குமா?

இங்கே ஒரு நியாயமான எதிர்வாதம் உண்டு. அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது. போர் நடக்கும்போது அனுபவசாலிகளை ஊருக்கு அனுப்பினால் களத்தில் நிற்பது யார்? புதிதாக வருபவரின் கைப்பழக்கமின்மைக்குப் பக்கத்தில் இருப்பவர் உயிரை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்காதா?

உண்மைதான். 1945 ஜூனில் பிரிட்டனின் போர் அமைச்சர் ஜேம்ஸ் கிரிக், தென்கிழக்காசியக் களத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் சேவைக் காலத்தை மூன்று ஆண்டு எட்டு மாதத்திலிருந்து மூன்று ஆண்டு நான்கு மாதமாகக் குறைத்தார். மலாயா மீது இறங்கத் தயாராகிக்கொண்டிருந்த தளபதி மவுண்ட்பேட்டனின் படையிலிருந்து அனுபவசாலிகள் கொத்தாகக் கிளம்பும் நிலை வந்தது. திட்டத்தையே மாற்றி எழுதவேண்டியதாயிற்று. 1918இல் ஆஸ்திரேலியப் பிரதமர் பில்லி ஹியூஸ், 1914லேயே போன சுமார் 6,000 வீரர்களுக்கு இரண்டு மாத ஊர் விடுப்பு தந்தே ஆகவேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். ஜெர்மனியின் ஹிண்டன்பர்க் அரணைத் தாக்கும் பெரும் முயற்சிக்குச் சரியாக முன்னால், தளபதி மோனாஷுக்குத் தன் சிறந்த ஆட்களை இழக்கவேண்டிய கட்டாயம். வியட்நாம் போரில் அமெரிக்கா தன் தரைப்படையினரை 12 மாதத்தில் திருப்பி அழைத்தது. ஒரே குழுவில் ஆட்கள் தனித்தனியாக வந்துபோனதால் ஒருவரை ஒருவர் அறிந்து நம்பும் கட்டு தளர்ந்தது என்ற குறையை அந்நாட்டு ராணுவத்தினரே பின்னால் சொன்னார்கள்.

ஆகவே விடுப்பு இலவசமாக வருவதில்லை. ஆனால் விடுப்பு மறுப்பும் இலவசம் அல்ல. 1917 மே, ஜூன் மாதங்களில் பிரெஞ்சு ராணுவத்தின் பல பிரிவுகள் இனித் தாக்குதலுக்குப் போகமாட்டோம் என்று அமர்ந்துவிட்டன. வீண் தாக்குதல்களில் மடிந்த தோழர்களைப் பற்றிய கோபத்தோடு, வரவேண்டிய விடுப்பு வராத கோபமும் அதில் கலந்திருந்தது. தலைமையேற்ற பெதான் தண்டனையும் கொடுத்தார். நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பு உறுதி என்றும் செய்தார். வீரர்கள் வந்துபோகும் ரயில் நிலையங்களில் உணவும் தங்குமிடமும் ஏற்பாடாயின. அந்த ராணுவம் மீண்டும் எழுந்து அடுத்த ஆண்டு போரை முடித்தது. ஓய்வில்லாத படை வெளியே தெரியாமல் உள்ளே உடைந்துகொண்டிருக்கும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

எதிர்வாதத்துக்கு விடை, விடுப்பைக் குறைப்பதில் இல்லை. மாற்று ஆளை முன்கூட்டியே பயிற்றுவித்து வைப்பதில் இருக்கிறது. அதற்குப் பணம் வேண்டும், கூடுதல் ஆள் வேண்டும். அந்த இரண்டையும் கொடுக்கவேண்டியது களத்தில் இல்லாத நாம்தான்.

இந்த நூற்றாண்டிலும் கேள்வி மாறவில்லை. 2003இல் இராக்கில் நுழைந்த அமெரிக்கா, ஓராண்டு பணியில் இருந்தவர்களுக்கு இடையில் 15 நாள் ஊர் விடுப்பு கொடுத்தது. பயண நாள்களை அதில் கழிக்கவில்லை. நல்ல விதி. ஆனால் 2007இல் ஆள் போதாமல் பணிக்காலத்தையே 15 மாதமாக நீட்டினார்கள். கட்டாயச் சேர்ப்பு இல்லாத அந்த நாட்டில் படையில் இருந்தவர்கள் மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மற்றவர்களின் வாழ்க்கையில் அந்தப் போர் தொலைக்காட்சிச் செய்தியாக வந்துபோனது. அதே குடும்பங்களிலிருந்து அதே ஆட்கள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் போனார்கள். உக்ரைனில் நடப்பது கடல் கடந்த போர் அல்ல, சொந்த மண்ணில் நடக்கும் தற்காப்புப் போர். அங்கேயும் 2023 இறுதியிலிருந்து வீரர்களின் மனைவியரும் தாய்மாரும் கீவ் நகரத் தெருவில் இறங்கி, போனவர்கள் திரும்ப ஒரு கால வரையறை சொல்லுங்கள் என்று கேட்டார்கள். 36 மாதத்தில் விடுவிக்கும் விதியை 2024 ஏப்ரலில் வந்த சட்டத்திலிருந்து நாடாளுமன்றம் நீக்கிவிட்டது. எதிரி வாசலில் நிற்கும் நாட்டின் சங்கடம் நமக்குப் புரிகிறது. எப்போது என்று தெரியாமல் காத்திருக்கும் பெண்களின் கேள்வியும் அதே அளவு நியாயமானது.

நாம் ஏற்கவேண்டிய பங்கு

இந்த அனுபவங்களிலிருந்து எல்லாக் கட்சியினரும் எல்லாத் தரப்பினரும் ஒப்புக்கொள்ளக்கூடிய சில முடிவுகளுக்கு வரமுடியும். போரை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும்கூட இவற்றில் ஒன்றுபடலாம்.

முதலாவது, காலவரையறை. கடல் கடந்து அனுப்பப்படும் எவருக்கும் எத்தனை மாதத்தில் விடுப்பு, எத்தனை ஆண்டில் மாற்றம் என்பது புறப்படும்போதே எழுத்தில் இருக்கவேண்டும். தவிர்க்கமுடியாமல் நீட்டினால் அதற்கான காரணத்தை அரசு நாடாளுமன்றத்தில் சொல்லவேண்டும். வீட்டு வாசலை மிதித்த நாளிலிருந்துதான் விடுப்பைக் கணக்கிடவேண்டும். அறிவித்தால் மட்டும் போதாது. நம் நாட்டில் மத்திய ஆயுதக் காவல் படையினர் ஆண்டுக்கு 100 நாள் குடும்பத்தோடு இருக்க வழி செய்யப்படும் என்று உள்துறை 2019இல் அறிவித்தது. வரவேற்கத்தக்க நோக்கம். அது உள்நாட்டுப் பணி பற்றியது என்றாலும், இதுபோன்ற ஒவ்வொரு வாக்குறுதியும் எத்தனை பேருக்கு நடைமுறையில் கிடைத்தது என்பதை ஆண்டுதோறும் பொதுவில் வைக்கவேண்டும்.

இரண்டாவது, விலக்குக்கும் ஒரு முறை. போர்க்காலத்தில் சிலரை ஊரில் நிறுத்தத்தான் வேண்டும். யாரை, எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்பது எல்லோரும் படிக்கக்கூடிய பட்டியலாக இருக்கட்டும். குறித்த காலத்துக்கு ஒருமுறை அதை மறுபரிசீலனை செய்யட்டும். அப்படிச் செய்தால் ஊரில் உழைப்பவரின் மானமும் காக்கப்படும். நியூசிலாந்தில் அந்த 35,000 பேருக்குக் கிடைத்த பழிச்சொல்லில் பாதியாவது, அரசு வாய் திறந்திருந்தால் வந்திருக்காது.

மூன்றாவது, பேச்சுரிமை. படை நகர்வை மறைக்கலாம்; அது போர் ரகசியம். படைவீரரின் குறையை மறைப்பதற்கு எந்த ரகசியமும் காரணமாகாது. களத்தில் இருப்பவரால் கட்டுப்பாட்டின் காரணமாகப் பேசமுடியாத இடத்தில், பத்திரிகைகளும் மக்கள் பிரதிநிதிகளும் அவருக்காகப் பேசவேண்டும்.

நான்காவது நம் ஒவ்வொருவரின் கையிலும் இருப்பது. விடுப்பு என்று பெயர். ஆனால் வீட்டுக்கு வந்த ராணுவ வீரர் அந்த நாள்களை எங்கே கழிக்கிறார் என்று பாருங்கள். வேலூர் மாவட்டத்தில் கம்மவான்பேட்டையைப் போல வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்தில் இருக்கும் ஊர்கள் நம்மிடம் உண்டு. காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கியவர் மறுநாளே பட்டா மாறுதலுக்காகத் தாலுகா அலுவலக வராந்தாவில் நிற்கிறார். அடுத்த நாள் வங்கியில் அம்மாவின் கணக்கு. அதற்கடுத்து சர்வேயர். ‘சார் இன்னிக்கு ஃபீல்டுக்குப் போயிருக்கார், திங்கக்கிழமை வாங்க’ என்ற ஒரு வாக்கியத்தில் அவருடைய விடுப்பில் நான்கு நாள் கரைந்துபோகிறது. பிள்ளையின் பள்ளிக்கூடத்தை அவர் எட்டிப் பார்ப்பதற்குள் திரும்பும் ரயிலுக்கு நேரமாகிவிடுகிறது.

இதற்குச் சட்டத்திலேயே ஓரளவு வழி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1925ஆம் ஆண்டின் இந்தியப் படைவீரர்கள் வழக்காடல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. போர்ச் சூழலிலோ கடல் கடந்தோ பணியாற்றும் வீரர் ஒரு சிவில் வழக்கில் தரப்பினராக இருந்து, அவருக்காக முறையாக ஆஜராக யாரும் இல்லை என்றால், மாவட்ட ஆட்சியர் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கலாம். அவர் இல்லாத நேரத்தில் அவர் நிலத்தின் மேல் ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு வராமல் வழக்கை நிறுத்திவைக்க அந்தச் சட்டம் வழி செய்கிறது. தெற்கு சூடானிலும் காங்கோவிலும் லெபனானிலும் ஐ.நா. அமைதிப் படையில் நிற்கும் நம் வீரர்களுக்கும் இது உதவக்கூடியது. வழக்கறிஞர் சங்கங்கள் இதைத் தங்கள் உறுப்பினர்களுக்கு நினைவூட்டலாம். கிராம நிர்வாக அலுவலர் தம் ஊரிலிருந்து வெளிநாட்டுப் பணிக்குப் போனவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, அவர்களுடைய நிலம், வாரிசு, சான்றிதழ் விண்ணப்பங்களை அவர்கள் வருவதற்கு முன்பே முடித்துக் கொடுக்கலாம். இதற்குப் புதிய சட்டமோ புதிய நிதியோ வேண்டாம். ஒரு சுற்றறிக்கையும் கொஞ்சம் மனமும் போதும்.

வங்கிகள், பள்ளிகள், மருத்துவமனைகள், வேலை கொடுக்கும் நிறுவனங்கள் எல்லோருக்கும் இதில் வேலை உண்டு. கணவர் விடுப்பில் வந்திருக்கிறார் என்று ஓர் ஆசிரியை பத்து நாள் விடுமுறை கேட்டால் தலைமையாசிரியர் முகம் சுளிக்காமல் கொடுக்கட்டும்; அவருடைய வகுப்பை மற்ற ஆசிரியர்கள் பங்கிட்டுக்கொள்ளட்டும். தந்தை பிள்ளையோடு இருக்கும் அந்தப் பத்து நாளுக்காக நாம் ஏற்கும் பங்கு அதுதான்.

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 7 அன்று கொடி நாள் உண்டியலில் காசு போடுகிறோம். நல்ல வழக்கம், தொடரவேண்டும். ஆனால் உண்டியலில் போட்ட காசோடு நம் கடன் தீர்ந்துவிடுவதில்லை. போகவேண்டாத நமக்குக் கிடைத்த ஒவ்வொரு மாலைப்பொழுதும் போனவர் ஒருவர் விட்டுக்கொடுத்தது.

உங்கள் தெருவில், உங்கள் ஊரில் நெடுநாள் பணியில் இருப்பவரின் வீடு எது என்று இந்த வாரமே விசாரியுங்கள். அங்கே எந்த விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது, எந்தக் கூரை ஒழுகுகிறது, யாரை மருத்துவமனைக்கு அழைத்துப்போக ஆள் வேண்டும் என்று கேளுங்கள். அவர் வருவதற்குள் அதை முடித்துவையுங்கள். உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினரிடம் விடுப்புக்கும் மாற்றத்துக்கும் எழுத்தில் காலவரையறை கேளுங்கள். களத்தில் நிற்பவரின் முறை நடந்துகொண்டிருக்கிறது. வீட்டில் இருக்கும் நம் முறையை நாம் தவறவிடக் கூடாது.